சர்வர் வாய் திறக்காவிட்டால்?

தூத்துக்குடி துறைமுகத்தின் பாதி வேலை துறைமுகத்துக்கு வெளியேதான் நடக்கிறது. ஏற்றுமதிச் சரக்கைக் கன்டெய்னரில் அடைத்து, சுங்கச் சோதனை முடித்து, சீல் வைத்துக் கப்பலுக்கு அனுப்பும் யார்டுகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. காகிதத்தில் அவற்றின் பெயர் கன்டெய்னர் ஃப்ரெய்ட் ஸ்டேஷன். லாரி ஓட்டுநர்களுக்கு வெறும் சி.எஃப்.எஸ். அப்படி ஒரு யார்டில், எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலை இருப்பதாக அண்ணாச்சி சொன்னார். நெட்வொர்க் வேலையிலேயே தலை நரைத்தவர். “வந்து பாருங்க தம்பி. கண்ணுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது. ஆனா பிசகிருச்சுன்னா திங்கக்கெழம காலைல லாரி ரோடு வரைக்கும் நிக்கும்” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே போனேன்.

முன்பு ஸ்டோர் ரூமாக இருந்த அறை. ஒரு ஏ.சி., ஒரு யு.பி.எஸ்., சுவரில் அறைந்த ஒரு ரேக், அதில் 24 போர்ட் சிஸ்கோ ஸ்விட்ச் ஒன்று. யார்டின் கேமராக்கள், எடைமேடைக் கணினி, கேட்டில் இருக்கும் பிரின்டர், சுங்க அதிகாரிகள் உட்காரும் அறையின் கணினிகள் எல்லாமே இந்தப் பெட்டிக்குள்தான் வந்து சேர்கின்றன. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால், அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து உப்பளங்களுடையது. அந்தக் காற்று கணினி அறையையும் விடுவதில்லை. அண்ணாச்சி ஒரு பேட்ச் கார்டை, அதாவது இணைப்பு வயரை, கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். எட்டு பின்களில் இரண்டில் பச்சை பூத்திருந்தது. “மலிவு கார்டு. தங்க முலாம் பேருக்குத்தான்” என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினார்.

ஸ்விட்சின் தலையில் மார்க்கர் பேனாவால் ஏதோ எழுதி, பிறகு அழித்திருந்தார்கள். அழித்த பிறகும் படிக்க முடிந்தது: அட்மின், அதன் கீழே பாஸ்வேர்ட்.

வேலையின் காரணமே அதுதான். இந்த ஸ்விட்சுக்குள் நுழைய ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு பாஸ்வேர்ட். அது கம்பெனி ஆட்களுக்குத் தெரியும், கேமரா மாட்ட வந்தவருக்குத் தெரியும், வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். சில வாரங்களுக்கு முன் யாரோ உள்ளே நுழைந்து ஒரு போர்ட்டை வேறு விலானுக்கு (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி வலைக்கு) மாற்றிவிட்டார்கள். இரண்டு கேமராக்கள் அரை நாள் இருட்டு. “லாக்ல பாத்தா அட்மின்னு இருக்கு. எல்லாவனும் அட்மின்தான். அப்ப யாரைப் போயிக் கேக்க?” என்றார் அண்ணாச்சி.

இதற்கு மருந்து, பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஸ்விட்சுக்குள் வைக்காமல் வேறொரு சர்வரில் வைப்பது. உள்ளே வர ஒருவர் தட்டினால் ஸ்விட்ச் தானாக முடிவெடுக்காது. அந்த சர்வரிடம் கேட்கும். சர்வர் சரி என்றால் விடும், இல்லை என்றால் துரத்தும். வந்தவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதையும் சர்வரே சொல்லும். எப்போது வந்தார், எப்போது போனார் என்ற கணக்கும் அங்கேயே ஏறும். ஒருவர் வேலையை விட்டால் சர்வரில் ஒரு பெயரை முடக்கினால் போதும். இருபது ஸ்விட்ச் இருந்தாலும் இருபதிலும் அவருக்குக் கதவு சாத்தியாகிவிடும்.

இந்தக் கேள்வி பதிலுக்கு இரண்டு மொழிகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று ரேடியஸ். தொலைபேசி மோடத்தில் டயல் செய்து நெட்டுக்குள் போன காலத்துச் சரக்கு. 1991இல் அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் என்ற கம்பெனி உருவாக்கியது. இன்றும் நடப்பிலிருக்கும் அதன் விதிமுறை ஆவணம் 2000 ஜூனில் வந்தது. மற்றொன்று சிஸ்கோ கொண்டுவந்த டாக்காக்ஸ் பிளஸ். ஒருவர் அடிக்கும் ஒவ்வொரு கமாண்டுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கும் அளவுக்கு அது கறார். பெரிய இடங்களில் ஸ்விட்ச் நிர்வாகத்துக்கு அதைத்தான் விரும்புவார்கள். இங்கே வைஃபைக்கும் போர்ட் காவலுக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு வேண்டும் என்பதால் ரேடியஸ். ஒரு சர்வர் சென்னைத் தலைமை அலுவலகத்தில். இன்னொன்று இதே அறையில், அலமாரி மேல் ஒரு குட்டிக் கணினியில், காசு கேட்காத ஃப்ரீரேடியஸ் மென்பொருளோடு.

சென்னையில் ஒன்று இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று? கேட்டதும் திரும்பிப் பார்த்தார். “2023 டிசம்பர்ல நீங்க எங்கன இருந்திய?” என்றார். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலை, ரயில், மின்சாரம், போன் எல்லாம் பல இடங்களில் அற்றுப்போயின. சென்னையோடு பேசித்தான் கதவு திறக்கும் என்று வைத்துக்கொண்டால் அப்படிப்பட்ட நாளில் சொந்த ஸ்விட்சுக்குள்ளேயே நுழைய முடியாது. இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வேலை தொடங்கியது. வெளிர்நீலத்தில் தட்டையாக ஒரு கேபிள், பழைய டெலிபோன் வயர் போல. அதுதான் கன்சோல் கேபிள். ஒரு முனை ஸ்விட்சில், மறுமுனை யு.எஸ்.பி. மாற்றி வழியாக மடிக்கணினியில். நெட்வொர்க்கே செத்தாலும் இந்த வழி சாகாது. அதில் லாகின் செய்து திறந்த ஜன்னலை ஓர் ஓரமாக ஒதுக்கி வைத்தார். வேலை செய்தது இன்னொரு ஜன்னலில், நெட்வொர்க் வழியாக.

“இத மட்டும் கடைசி வரைக்கும் மூடக் கூடாது. மேல மச்சான் கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னாத்தான கீழ முத்துக்குளிக்க முடியும்?”

இந்தக் கரையில் பிறந்தவருக்கு இந்த உவமை தானாக வரும். கடலுக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பி பொறுக்குகிறவனின் கயிறு அவன் மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் இருக்கும், தங்கை தாலியை நினைத்தாவது சரியான நேரத்தில் இழுப்பான் என்பது பரதவர் ஊர்களில் வழிவழியாகச் சொல்வது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. இன்று சங்குக்குத்தான் இறங்குகிறார்கள். கயிறும் மச்சானும் பேச்சில் மிஞ்சியிருக்கிறார்கள்.

இரண்டாவது முன்னெச்சரிக்கை எனக்குப் புதிது. பதினைந்து நிமிடம் கழித்து நீயே அணைந்து எழுந்துகொள் என்று ஸ்விட்சுக்கு ஒரு கட்டளை கொடுத்தார். மாற்றங்களைச் சேமிக்காமல் செய்வதால், வழியில் எங்காவது சிக்கி வெளியே பூட்டிக்கொண்டாலும் பதினைந்து நிமிடத்தில் பெட்டி பழைய நிலைக்கே எழுந்து வரும். எல்லாம் சரியாக முடிந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். அரைமணிக்கு ஒரு லாரி வரும் ராத்திரி என்பதால் அந்த ஆபத்தை ஏற்க முடிந்தது. பகலில் இதைச் செய்ய எந்த மேனேஜரும் விடமாட்டார்.

முதலில் ஸ்விட்சுக்குள்ளேயே ஓர் உள்ளூர்க் கணக்கை, நீளமான பாஸ்வேர்டோடு உருவாக்கினார். பிறகுதான் ‘ஏஏஏ நியூ-மாடல்’ என்ற கமாண்ட். இந்த வரிசை மாறவே கூடாது. அந்தக் கமாண்டை அடித்த நொடியிலிருந்து, நெட்வொர்க் வழியாகப் புதிதாக நுழையும் எல்லோரிடமும் ஸ்விட்ச் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கத் தொடங்கும். உள்ளே ஒரு பெயரும் பதிவாகாமல் இருந்தால் கதை முடிந்தது.

அடுத்து சர்வர்களின் முகவரி. இங்கே போர்ட் எண்ணை எழுத மறக்கக் கூடாது. ரேடியஸ் ஆரம்பத்தில் 1645, 1646 என்ற எண்களில் ஓடியது. அவை வேறொரு சேவைக்கு ஒதுக்கப்பட்டவை என்று பிறகு தெரிந்து, 1812, 1813 அதிகாரபூர்வமாயின. சிஸ்கோ பெட்டிகள் பலவற்றில் நாம் சொல்லாவிட்டால் பழைய எண்தான் போகும். சர்வரோ புதிய எண்ணில் காத்திருக்கும். இரண்டும் இரண்டு வாசலில் நின்றுகொண்டு ஒன்றையொன்று தேடும். அப்புறம், ஸ்விட்ச் எந்த முகவரியிலிருந்து பேச வேண்டும் என்று ஒரு வரி. தன் பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து யார் கேட்டாலும் ரேடியஸ் சர்வர் மறுப்புகூடச் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். விதிமுறையே அப்படித்தான்.

கடைசியாக ரகசியச் சொல். ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். சென்னை அலுவலகம் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. (ரகசியத்தை அனுப்பும் லட்சணத்தைப் பாருங்கள்.) அண்ணாச்சி அதை நகலெடுத்து ஒட்டினார். மூன்றாவது ஜன்னல் திறந்து, தன் சொந்தப் பெயரில் லாகின் முயன்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. கர்சர் மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து மறுப்பு.

குட்டிக் கணினியில் ஃப்ரீரேடியஸை, செய்வதையெல்லாம் திரையில் சொல்லும் முறையில் ஓடவிட்டுப் பார்த்தார். கேள்வி வந்து சேர்ந்திருந்தது. ஆனால் பாஸ்வேர்ட் இருக்க வேண்டிய இடத்தில் படிக்க முடியாத குப்பை. பக்கத்திலேயே, ரகசியச் சொல்லை இரு பக்கமும் சரிபார்க்கவும் என்ற எச்சரிக்கை. ரேடியஸில் பாஸ்வேர்ட் அந்த ரகசியச் சொல்லைக் கொண்டு மறைக்கப்பட்டுத்தான் போகும். சொல் ஒத்துப்போகாவிட்டால் சர்வர் அவிழ்க்கும்போது குப்பைதான் கிடைக்கும். சர்வர் “இல்லை” என்று பதில் அனுப்பியது. அந்தப் பதிலிலும் அதே சொல்லால் போட்ட முத்திரை இருக்கும். ஸ்விட்ச் முத்திரையைப் பார்த்தது, பொருந்தவில்லை, இது என் சர்வர் அனுப்பியதல்ல என்று தூக்கிப் போட்டுவிட்டது. சர்வர் பேசிக்கொண்டே இருந்தது. ஸ்விட்சின் கணக்கில் சர்வர் ஊமை.

தப்பு எங்கே? அண்ணாச்சி ஒட்டிய சொல்லின் கடைசியில் போய் கர்சரை நிறுத்தினார். இன்னும் ஒரு அடி வலதுபக்கம் நகர்ந்தது. சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வெற்றிடத்தையும் ரகசியத்தின் ஓர் எழுத்தாகவே ஸ்விட்ச் எடுத்துக்கொண்டிருந்தது. திரையில் அது தெரிய வழியே இல்லை. “இந்தச் சனியன் ஒண்ணு மட்டும் எத்தன ராத்திரியத் தின்னுருக்கு தெரியுமா?” என்றபடி அழித்துவிட்டு, கையால் எழுத்தெழுத்தாக அடித்தார். லாகின் ஒரே நொடியில் நடந்தது. சர்வர் லாகில் அவருடைய பெயர் ஏறியது.

பலர் இந்த இடத்தில் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணாச்சிக்கு வேலை இங்கேதான் ஆரம்பம்.

லாகின் முறைகளை வரிசையாக எழுதும்போது ‘முதலில் ரேடியஸ் குழு, பிறகு லோக்கல்’ என்று போடுவது வழக்கம். இதைப் படிக்கிற யாருக்கும், ரேடியஸில் பெயர் இல்லாவிட்டால் ஸ்விட்ச் உள்ளூர்க் கணக்கைப் பார்க்கும் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணாச்சி உள்ளூர்க் கணக்கின் பெயரையும் சரியான பாஸ்வேர்டையும் அடித்துக் காட்டினார். உடனே மறுப்பு. பிறகு எழுந்துபோய் குட்டிக் கணினியின் கேபிளைப் பிடுங்கினார், சென்னை லைனையும் பிடுங்கினார், மறுபடி அதே பெயர், அதே பாஸ்வேர்ட். உள்ளே விட்டது.

சர்வர் “இல்லை” என்றால் அது ஒரு பதில். பதில் வந்துவிட்டால் ஸ்விட்ச் அடுத்த முறைக்கு இறங்காது. சர்வர் மௌனமாக இருந்தால் மட்டுமே அடுத்தது. அவசரக் கணக்கு அவசரத்தில் மட்டும் வேலை செய்வதற்கான ஏற்பாடு இது. அழகான ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் சர்வருக்குப் போகும் கேபிளை வெட்டினால் மௌனத்தை அவனே உண்டாக்கிவிடலாம். அப்புறம் அவனுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் இருப்பது அந்த உள்ளூர்ப் பாஸ்வேர்ட் ஒன்றுதான். சர்வர் வந்துவிட்டதே என்று அதைச் சோம்பலாக வைத்தால் அத்தனை வேலையும் வீண்.

மௌனம் என்ன செய்யும் என்பதைத் துறைமுகத் தொழில் ஒருமுறை நன்றாகவே பார்த்திருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் கிளம்பிய நாட்பெட்யா என்ற அழிவு நிரல் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கை முடக்கியது. மும்பை அருகே நவசேவாவில் அந்தக் குழுமம் நடத்திய டெர்மினலும் அன்று நின்றது. யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் அவர்களுடைய சர்வர்கள் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்றுதான் ஒன்றையொன்று நகலெடுக்கும்படி வைத்திருந்தார்கள்; எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று நினைக்கவில்லை. கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதிலிருந்த தகவலைக் கையோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் மற்றவற்றை எழுப்பினார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவியதாக அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் டாவோஸ் மேடையில் சொன்னார். மின்வெட்டை வாழ்த்திய ஒரே கணினித் துறை அதுவாகத்தான் இருக்கும்.

நம்முடைய யார்டில் மௌனத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? மாற்றாமல் விட்டால் ஸ்விட்ச் ஒரு கேள்விக்கு 5 நொடி காத்து, மேலும் மூன்று முறை கேட்கும். ஒரு சர்வருக்கு 20 நொடி, இரண்டுக்கு 40. பிரச்சினை நடக்கும் ராத்திரியில், கேட்டில் லாரிக்காரர் கத்திக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு லாகினுக்கும் 40 நொடி என்பது ஒரு யுகம். அண்ணாச்சி அதை 3 நொடி, ஒரு மறுமுயற்சி என்று குறைத்தார். இரண்டு சர்வருக்கும் சேர்த்து 12 நொடி. பேசாத சர்வரைப் பத்து நிமிடம் செத்ததாக எண்ணித் தாண்டிப் போ என்று இன்னொரு வரியும் சேர்த்தார். இன்னும் குறைக்கலாமே என்றேன். “சென்னை லைன் மழை நேரத்துல மூச்சு வாங்கும் தம்பி. அவசரப்பட்டா உசுரோட இருக்கவனயும் செத்தான்னு எழுதிப்புடும்.”

அடுத்து போர்ட் காவல். அதில் கேட் பிரின்டரிடம்தான் நேரம் போனது. போர்ட்டில் யார் செருகினாலும் அடையாளம் கேட்கும் 802.1எக்ஸ் காவலைப் போட்டதும் கணினிகள் ஒழுங்காகப் பதில் சொன்னன. பழைய பிரின்டருக்கு அந்தப் பாஷையே தெரியாது. ஸ்விட்ச் 30 நொடிக்கு ஒரு தரமாக மூன்று தரம் கேட்டுவிட்டு, ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் அதன் மேக் முகவரியை (கருவியோடு வரும் அடையாள எண்ணை) வைத்துச் சமாதானம் ஆகும். அதற்குள் பிரின்டர் ஐ.பி. முகவரிக்குக் காத்து அலுத்துத் தூங்கிவிட்டது. இடைவெளியை 10 நொடியாகக் குறைத்ததும் சீட்டு அடித்தது. மேக் முகவரியை யாரும் நகலெடுக்கலாம் என்பதால், பிரின்டர் இருக்கும் விலானிலிருந்து வேறெங்கும் போக முடியாதபடி அதைக் கட்டிப் போட்டார். இரண்டு சர்வரும் மௌனமானால் எடைமேடைக் கணினி மட்டும் எப்படியும் ஓட வேண்டும் என்று தனி விதி எழுதினார்.

லாகைத் திருப்பிப் பார்க்கையில் ஒரு வேடிக்கை. ஸ்விட்ச் எழுதியிருந்த பதிவுகளில் தேதி 1993 மார்ச் 1. இந்த வகைப் பெட்டிகளுக்குள் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் காலம் அந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். முன்பு கேமராவை இருட்டாக்கியவர் யார் என்று தேடியபோதும் லாகில் 1993தான் இருந்திருக்கும். கணினி அவசரநிலைக்கான மத்திய அமைப்பு சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, லாகுகளை 180 நாள் நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். ஒரு வரியில் கடிகார வேலை முடிந்தது. பெட்டி இந்த நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு வேலை பாக்கி நின்றது. ரேடியஸின் முத்திரை எம்.டி.5 என்ற பழைய கணக்கைச் சார்ந்தது. வழியில் உட்கார்ந்திருப்பவன் சர்வரின் “இல்லை”யை “சரி” என்று மாற்றிவிட முடியும் என்று 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். பிளாஸ்ட்-ரேடியஸ் என்று பெயர். ஒவ்வொரு செய்தியிலும் கூடுதலாக ஒரு முத்திரையைக் கட்டாயமாக்குவது அதற்கு மருந்து. இந்த ஸ்விட்சின் மென்பொருள் அதற்குப் பழசு. புது மென்பொருள் ஏற்றும் வரை ரேடியஸ் பேச்சு முழுவதையும் தனி விலானுக்குள் அடைத்து வைத்தார். சென்னைக்குப் போவது ஏற்கெனவே வி.பி.என். சுரங்கத்துக்குள்.

மறுதொடக்கக் கட்டளையை ரத்து செய்தார். (பதினைந்து நிமிடம் போதாமல் இடையில் நேரத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது.) சேமித்தார். உள்ளூர்ப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டிய மடிப்பின் மேல் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார். உறை லாக்கருக்குப் போனது. எப்போது பிரித்தாலும் மறுநாள் பாஸ்வேர்ட் மாற வேண்டும் என்று ரெஜிஸ்டரில் எழுதப்பட்டது. ஸ்விட்சின் தலையில் இருந்த மார்க்கர் எழுத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கன்சோல் ஜன்னலை அதற்குப் பிறகுதான் மூடினார்.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு பெட்டி எங்காவது ஒரு ஸ்டோர் ரூமில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்பவர், ரேடியஸ் போட்டாச்சு சார், எல்லாம் சேஃப் என்று சொல்லியிருப்பார். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: சர்வர் கேபிளைப் பிடுங்கிவிட்டு லாகின் செய்து பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். டீ செலவு உங்களுடையது.